வலிப்பின் பெயர் மாறும்போது

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் ஒரு காலைப்பொழுது காத்திருந்தவர்கள், அங்கே வந்து சேரும் பைகளைக் கவனித்திருப்பார்கள். ஜவுளிக்கடையில் கொடுத்த பை; அதற்குள் சுருட்டி ரப்பர் வளையம் மாட்டிய ஸ்கேன் படங்கள், மடிப்பு கிழிந்த மருந்துச் சீட்டுகள், மூன்று வருஷத்துக்கு முன் எடுத்த ஈ.ஈ.ஜி. அறிக்கை, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் பெரும்பாலும் நோயாளியின் தாய். முதலில் பார்த்த டாக்டர் ‘ஃபிட்ஸ்’ என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று வருஷமாக ஒரு வேளைகூடத் தவறாமல் அவள் கொடுத்து வந்திருக்கிறாள். இன்று வேறொரு டாக்டர், அதே படங்களை வெளிச்சத்தில் ஏந்திப் பார்த்துவிட்டு, “இது அந்த வகை வலிப்பு இல்லைம்மா” என்கிறார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டவுடன் அவள் நெஞ்சில் எத்தனை கேள்விகள் எழுகின்றன! இத்தனை நாள் கொடுத்ததெல்லாம் வீண்தானா? முன்னவர் தவறினாரா, இவர் தவறுகிறாரா? மூன்றாவதாக இன்னொருவரிடமும் காட்டலாமா? காட்டினால் இவர் கோபித்துக்கொள்வாரோ?

இவை நியாயமான கேள்விகள். ஆயினும் விடை தேடுமுன், வலிப்பு என்னும் வியாதியை வைத்தியர்கள் எவ்வாறு இனங்காண்கிறார்கள் என்பதைச் சற்று நிதானமாகத் தெரிந்துகொள்வது நல்லது; ஏனெனில் ரோக நிர்ணயம் மாறுவதற்கான காரணம், பல சமயங்களில் வைத்தியரின் அசிரத்தையைக் காட்டிலும் இந்த வியாதியின் சுபாவத்திலேயே அதிகமாக இருக்கின்றது.

காய்ச்சல் கண்டவன் காய்ச்சலோடு வைத்தியரிடம் போகிறான். எலும்பு முறிந்தவன் முறிந்த எலும்போடு போகிறான். வலிப்பு வந்தவனோ வலிப்பு நின்ற பிறகுதான் போகிறான். இரண்டு மூன்று நிமிஷங்களில் நடந்து முடிந்துவிட்ட ஒரு சம்பவத்தை, அதை நேரில் காணாத வைத்தியர், அதை அநுபவித்தும் ஸ்மரணையில்லாதிருந்த நோயாளியையும், அருகிலிருந்தும் பதறிப்போய்விட்ட உறவினரையும் விசாரித்து, அநுமானத்தால் மீண்டும் கட்டி எழுப்ப வேண்டியிருக்கின்றது. முதலில் அசைந்தது வலக்கையா இடக்கையா, தலை எந்தப் பக்கம் திரும்பிற்று, கண்கள் திறந்திருந்தனவா மூடியிருந்தனவா, முகம் வெளுத்ததா நீலம் பாரித்ததா, தெளிவு வருவதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்னும் சிறு விவரங்களே இங்கே பெரிய சாட்சியங்கள். நம் வீடுகளிலோ, ஒருவனுக்கு வலிப்பு கண்டவுடன் அருகிலிருப்பவர் முதற்காரியமாக இரும்புச் சாவிக்கொத்தைத் தேடி ஓடுகிறார். கையில் இரும்பைக் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. தானாக நிற்கும் வேளையில் இரும்புக்குப் பெயர் கிடைக்கிறது, அவ்வளவுதான். அதைவிட வருந்தத்தக்க நஷ்டம் ஒன்று உண்டு: சாவியைத் தேடிப் போனவர்தாம் அந்த முதல் அரை நிமிஷத்தைக் கண்டிருக்கக்கூடிய ஒரே சாட்சி.

வலிப்பு தெய்வ கோபத்தால் வருவதன்று, மூளையில் உற்பத்தியாவது என்று, கிறிஸ்து பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க நூலொன்று வாதாடியிருக்கின்றது. மூளையின் சாம்பல்நிறப் பகுதியில் திடீரென, மட்டுமீறிய வேகத்தோடு எழும் சக்தி வெளியேற்றமே வலிப்பு என்று லண்டன் வைத்தியரான ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 1873-இல் வரையறுத்தார். அந்த வெளியேற்றத்தைக் காகிதத்தில் கண்ணாரக் காணும் வழி, ஜெர்மனியின் ஜேனா நகரத்தில் ஹான்ஸ் பெர்கர் என்பவர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்ததிலிருந்து பிறந்தது. ஐந்து ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சோதித்த பின்னரே, 1929-இல், அவர் அதை வெளியிட்டார். 1935-இல் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், சில குழந்தைகள் சில விநாடிகள் பிரக்ஞை தப்பி வெறித்துப் பார்க்கும் வேளையில், விநாடிக்கு மூன்று வீதம் கூர்முனையும் அலையுமாக மூளை துடிப்பதைக் காட்டினார்கள். அன்றுமுதல் ஈ.ஈ.ஜி. என்பது வலிப்பு வைத்தியத்தின் வலக்கையாகிவிட்டது.

ஆனால் ஜனங்கள் அந்தக் காகிதத்துக்குக் கொடுக்கும் மதிப்பு, அது தாங்கக்கூடியதைக் காட்டிலும் பெரிது. நாள் முழுதும் இயங்கும் மூளையை அது அரைமணி நேரம் எட்டிப் பார்க்கிறது. உண்மையாகவே வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் ஈ.ஈ.ஜி.யில் ஒன்றும் தென்படுவதில்லை. இதற்கு நேர்மாறாக, பிரிட்டிஷ் விமானப்படையில் சேர வந்த 13,658 ஆரோக்கியமான இளைஞர்களைச் சோதித்து 1993-இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பே அறியாத 69 பேருடைய மூளையலைகளில் வலிப்புக்குரிய கூர்முனைகள் காணப்பட்டன. ஆகையால், ‘ஈ.ஈ.ஜி. நார்மல், எனவே வலிப்பு இல்லை’ என்பதும், ‘ஈ.ஈ.ஜி.யில் ஏதோ இருக்கிறது, எனவே வலிப்புதான்’ என்பதும் இரண்டுமே அவசர முடிவுகள். சுக அலைகளே சில வேளைகளில் கூர்மையாகத் தோன்றிப் பார்ப்பவரை ஏமாற்றும். அவற்றை ஒருவர் நோய் என்று படிக்க, பழகிய கண்ணுடைய மற்றொருவர் அவற்றைச் சாதாரணம் என்று படிப்பது அபூர்வமன்று. அறிக்கை என்பது படித்தவரின் அபிப்பிராயம். மூலப் பதிவுதான் சாட்சி. இரண்டாவது வைத்தியரிடம் போகிறவர்கள் அறிக்கைத் தாளோடு நின்றுவிடாமல் பதிவையே கேட்டு வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

வலிப்பென்று தவறாக எண்ணப்படுபவற்றுள் முதலிடம் பெறுவது சாதாரண மயக்கம். கோயில் நெரிசலில் நெடுநேரம் நின்ற பெண், ரத்தத்தைக் கண்ட பையன், ஊசி போட்டவுடன் சாய்ந்த கிழவர் ஆகியோருக்கெல்லாம் மூளைக்குப் போகும் ரத்தம் கணநேரம் குறைகின்றது, முகம் வெளுக்கின்றது, வியர்க்கின்றது, விழுகிறார்கள். விழுந்தபின் கைகால்கள் வெட்டி இழுத்தால் அது வலிப்பு என்றே எல்லாரும் முடிவுகட்டிவிடுகிறோம். பெர்லின் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஆரோக்கியமான தொண்டர்களைக் குந்தவைத்து, வேகமாக மூச்சுவிடச் செய்து, சட்டென்று எழுப்பி நிறுத்தி, வேண்டுமென்றே மயங்கச் செய்து வீடியோ எடுத்து, அதன் முடிவை 1994-இல் வெளியிட்டார்கள். முழுமையாக மயங்கிய 42 பேரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் கைகால்கள் வெட்டி இழுத்தன! கைகால் இழுப்பது ஒன்றையே கொண்டு வலிப்பென்று தீர்மானிப்பது எத்தகைய பிழை என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டியதில்லை. மயங்கியவர் சில விநாடிகளில் தெளிந்து, தாம் இருக்கும் இடத்தை அறிந்து பேசுகிறார். பெரிய வலிப்பு வந்தவரோ நாக்கின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு, தெளிவு வந்த பின்னும் பல நிமிஷம் பிதற்றலும் குழப்பமுமாக இருக்கிறார்.

மயக்கத்தின் மூலம் இருதயத்தில் இருக்குமாயின் பிழை இன்னும் அபாயகரமானது. இருதயத்தின் மின்னோட்டத்தில் பிறவியிலேயே கோளாறுள்ள சிலர், ஓடும்போதோ அலாரம் அலறும்போதோ சட்டென்று விழுகிறார்கள். வலிப்பு மாத்திரை அவர்களைக் காப்பாற்றாது. சரியான நிர்ணயம் காப்பாற்றும். மருந்தெடுத்தும் வலிப்பு நிற்காத, அல்லது வலிப்புதானா என்று சந்தேகத்துக்கிடமான 74 பேரை இருதய நோக்கில் மறுபரிசோதனை செய்து இங்கிலாந்தில் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், 31 பேருக்கு உண்மையான காரணம் வேறாயிருந்தது. முதல் வலிப்பு வந்த எவருக்கும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கவேண்டும் என்பது இதனால் விளைந்த விதி. சிறிய ஊர் ஆஸ்பத்திரியிலும் சில நிமிஷங்களில் எடுத்துவிடக்கூடியது அது.

தனி மனிதர் ஒருவருடைய நோயின் பெயர் மட்டுமன்று, ஒரு தேசத்தில் ஆயிரக்கணக்கானோருடைய நோயின் பெயரே மாறிப்போன சரித்திரம் ஒன்று தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. சி.டி. ஸ்கேன் என்ற இயந்திரம் இந்தியாவில் பரவத் தொடங்கிய பின், முதன்முறையாக வலிப்பு வந்த பலருடைய மூளையில், சுண்டைக்காய் அளவுள்ள ஒரே ஒரு சிறு வெள்ளை வளையம் தென்பட்டது. காசநோய் மிகுந்த நாடு. மூளையிலும் காசநோய்க் கட்டி வருவதுண்டு. ஆகவே இதுவும் அதுவே என்று வைத்தியர்கள் கருதியது இயல்பு. காசநோய் மருந்துகளை மாதக்கணக்கில் கொடுத்தார்கள். மறுபடி ஸ்கேன் எடுத்தபோது வளையம் மறைந்திருந்தது. நோய் தெரிந்தது, மருந்து கொடுத்தோம், குணமாயிற்று என்ற முடிவில் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

சந்தேகம் வேலூரில் வந்தது. 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் மூளை அறுவைச் சிகிச்சைத் துறையை நிறுவிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அது. அங்கே டாக்டர் மாத்யூ சாண்டி, டாக்டர் வேதாந்தம் ராஜசேகர் முதலியோர், இந்தச் சிறு வளையங்களை அறுவைச் சிகிச்சையால் வெளியே எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் காசநோயின் அடையாளம் இல்லை. பன்றி நாடாப்புழுவின் இளம்புழு, அல்லது அது செத்துச் சிதைந்த மிச்சம் இருந்தது. 1989-இல் லண்டனிலிருந்து வரும் ‘லான்செட்’ பத்திரிகையில் இந்த முடிவை வெளியிட்டார்கள். வளையம் மறைந்தது மருந்தின் மகிமையால் அன்று. செத்துக்கொண்டிருந்த புழுவை உடலே கரைத்துவிட்டது. மருந்து கொடாதிருந்தாலும் பலருக்கு அது மறைந்தே போயிருக்கும். சாவிக்கொத்துக்குக் கிடைத்த பெயர்தான் இங்கே காசநோய் மருந்துக்கும் கிடைத்தது.

வேலூர் வைத்தியர்கள் அதோடு நின்றுவிடவில்லை. மூளையைத் திறக்காமலே இரண்டையும் பிரித்தறிய இலக்கணம் வகுத்தார்கள்: வளையம் 20 மில்லிமீட்டருக்கு உட்பட்டிருக்கிறதா, சுற்றிலுமுள்ள வீக்கம் மூளையை ஒரு பக்கம் தள்ளாமலிருக்கிறதா, தலைக்குள் அழுத்தம் ஏறியதன் அறிகுறி இல்லையா, கைகால் பலவீனம் நாளுக்கு நாள் வளராமலிருக்கிறதா, உடம்பில் வேறெங்கும் காசநோய் இல்லையா? இவற்றுக்கெல்லாம் ‘ஆம்’ என்று விடை வருமானால் அது பெரும்பாலும் புழுவே. தேவையில்லாத காசநோய் மருந்தின் பாரத்திலிருந்து இதனால் மீண்டவர்கள் அநேகர். சுண்ணாம்புத் தழும்பு எதுவும் விடாமல் வளையம் கரைந்துவிட்டால், வலிப்பு மருந்தையும் அதிக காலம் நீட்டிக்காமல் வைத்தியர் நிறுத்திவிட முடிகிறது. பன்றி மாமிசத்தைத் தொடாத குடும்பங்கள் இந்தப் பெயரைக் கேட்டு முகம் சுளிப்பதும், ‘எங்கள் வீட்டில் இது வர வழியே இல்லை’ என்று மறுப்பதும் உண்டு. அவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சரியாக வேகாத மாமிசத்தால் வருவது குடலில் வாழும் நாடாப்புழு. மூளைக்குப் போகும் இளம்புழுவோ, அந்த நாடாப்புழு உள்ள மனிதருடைய மலத்திலிருந்து கழுவாத கீரை வழியாகவும் கைகள் வழியாகவும் நீர் வழியாகவும் வாய்க்குள் சேரும் முட்டையால் வருவது. சைவ உணவு உண்பவருக்கும் அது வரும். அதில் வெட்கப்படுவதற்கு ஏதுமில்லை.

வலிப்புதான் என்பது நிச்சயமான பின்னும் பெயர் மாறலாம்; ஏனெனில் வலிப்பு நோய் என்பது ஒன்றன்று, ஒரு பெருங்குடும்பம். கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி, பரீட்சைக்காகக் கண்விழித்த மறுநாள் காலையில் பெரிய வலிப்பு வந்து விழுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சில காலமாகவே காலையில் எழுந்தவுடன் அவள் கை வெடுக்கென்று உதறி, காபி டம்ளர் நழுவி விழுந்துகொண்டிருக்கிறது. ‘கைப்பிடி போதாது, எல்லாவற்றுக்கும் அவசரம்’ என்று வீட்டில் அவளைக் கடிந்துகொண்டார்களேயொழிய, அதை வியாதியென்று யாரும் நினைக்கவில்லை, வைத்தியரிடம் சொல்லவுமில்லை. அவர் பெரிய வலிப்பை மட்டும் கேட்டு, மூளையின் ஓரிடத்தில் தொடங்கும் வலிப்புக்கு ஏற்ற கார்பமாசெபின் என்ற மருந்தை எழுதுகிறார். அது நல்ல மருந்துதான். ஆனால் 1957-இல் ஜெர்மானிய வைத்தியர் டியட்டர் யான்ஸ் விரிவாக விவரித்த இந்த இளம்பருவ வலிப்பில், அது கை உதறலை அதிகமாக்கிவிடும். ஆறு மாதம் கழித்து மற்றொரு வைத்தியர், “காலையில் கையிலிருக்கும் சாமான் நழுவுமா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்; நோயின் பெயரும் மருந்தும் மாறிவிடுகின்றன. இரண்டாவது அபிப்பிராயத்தின் மதிப்பு பல வேளைகளில் புது இயந்திரத்தில் இல்லை, இப்படிப்பட்ட ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. அதே பெண்ணுக்கு வால்ப்ரோயேட் என்ற மருந்து உடனே பலன் கொடுக்கலாம். எனினும் கர்ப்ப காலத்தில் அதை எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு நேர்வதால், கலியாண வயதிலிருக்கும் பெண்ணுக்கு அதை எழுதும்போது அவளோடு பேசியே எழுதவேண்டும். ‘பிற்காலத்துக்கு இது ஒத்துவருமா டாக்டர்?’ என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

குழந்தைகளின் விஷயத்தில் காலம்தான் நோயின் பெயரை வெளிப்படுத்துகிறது. ஆறேழு மாதக் குழந்தைக்குக் காய்ச்சலோடு நீண்ட வலிப்பு வருகிறது. காய்ச்சல் வலிப்பு என்று சொல்லி அனுப்புகிறார்கள், அன்றைக்கு அதற்குமேல் சொல்ல எவராலும் முடியாது. மறுபடி மறுபடி வந்து, காய்ச்சலில்லாமலும் வந்து, இரண்டாம் வயதில் பேச்சும் நடையும் பின்தங்கும்போதுதான், பிரெஞ்சு வைத்தியை ஷார்லட் திராவே 1978-இல் விவரித்த கடுமையான வலிப்பு அது என்று தெளிவாகிறது. தடுப்பூசி போட்ட காய்ச்சலில் முதல் வலிப்பு வந்துவிட்டால், ஊசியே மூளையைக் கெடுத்துவிட்டதென்று பெற்றோர் ஆயுள் முழுதும் தங்களையே நொந்துகொள்வார்கள். அத்தகைய பழி சுமத்தப்பட்ட 14 பேரை ஆஸ்திரேலியாவின் சாமுவேல் பெர்கோவிக் குழுவினர் மறுபரிசோதனை செய்து 2006-இல் வெளியிட்டபோது, 11 பேருக்கு எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணுவில் மாறுதல் இருந்தது. பெயர் மாறியதால் நோய் குணமாகிவிடவில்லை. ஆனால் இந்நோயை மோசமாக்கும் சில வழக்கமான மருந்துகளை விலக்கவும், ‘என் கையால் கொண்டுபோய்ப் போட்ட ஊசியல்லவா’ என்று ஏங்கிய தாய் ஒருத்தி நிம்மதியாக மூச்சுவிடவும் அது வழிசெய்தது.

பெயர் மாற்றங்களுள் ஏற்றுக்கொள்ள மிகக் கடினமானது, ‘இது மூளையின் மின்கொந்தளிப்பால் வரும் வலிப்பு அல்ல’ என்பது. உடம்பெல்லாம் உதறும், நெடுநேரம் நீடிக்கும், கண்கள் பெரும்பாலும் இறுக மூடியிருக்கும், வீடியோவும் ஈ.ஈ.ஜி.யும் ஒருங்கே எடுத்துப் பார்த்தால் மூளையலைகள் மாறாமலிருக்கும். மருந்துக்கு அடங்காத வலிப்பென்று சிறப்பு மையங்களுக்கு வருவோரில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரை இவ்வகையினர். சரியான பெயர் கிடைக்குமுன் சராசரி ஏழு ஆண்டுகள் கழிந்திருந்ததாக ஜெர்மனியில் 2002-இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகின்றது. இதைக் கேட்ட வீட்டார், ‘அப்படியானால் இத்தனை நாளும் நடித்தாளா?’ என்று கேட்டுவிடுகிறார்கள். இதைவிடக் கொடிய கேள்வி இல்லை. நடிப்பு என்பது இச்சையால் செய்வது. இது இச்சையை மீறி வருவது. பழைய அச்சமோ சொல்லமுடியாத துயரமோ சிலருக்குப் பின்னணியாக இருக்கலாம்; எதுவுமே புலப்படாமலும் இருக்கலாம். பழகிய மனநல வைத்தியரின் பேச்சுவழிச் சிகிச்சையால் பலர் தேறுகிறார்கள். இவர்களில் சிலருக்கு உண்மையான வலிப்பு நோயும் கூடவே இருப்பதுண்டு. ஆகையால் புதுப் பெயரைக் கேட்ட அன்றே பழைய மாத்திரையைக் குப்பையில் போடுவது ஆபத்து.

இனி, எப்போது இரண்டாவது வைத்தியரை நாடுவது? நோயின் பெயர் மாறி, அதனால் மருந்தும் மாறுகிறதென்றால் நாடலாம். ஆண்டுக்கணக்கான மருந்தை நிறுத்தச் சொன்னால் நாடலாம். பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் எடுத்தும் வலிப்பு நிற்கவில்லையெனில் கட்டாயம் நாடவேண்டும். கிளாஸ்கோ நகரத்தில் அதற்குமுன் மருந்தெடுத்திராத 470 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மருந்திலேயே 222 பேருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவது, மூன்றாவது மருந்துகளால் நின்றது 67 பேருக்குத்தான். நான்காவது, ஐந்தாவது மாத்திரைக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பதைவிட, வீடியோ ஈ.ஈ.ஜி.யும் அறுவைச் சிகிச்சை வசதியும் உள்ள மையத்துக்குப் போய், நோயின் பெயரே சரிதானா என்று கேட்பதுதான் விவேகம். 1995 முதல் வலிப்புக்கான அறுவைச் சிகிச்சை செய்துவரும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையமும், வேலூரும், பெங்களூர் நிம்ஹான்ஸும் அத்தகைய இடங்கள்.

போகும்போது பையில் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். நம்மவரிடம் ஒரு பழக்கம் உண்டு: ‘இவர் என்ன சொல்கிறார் பார்க்கலாம்’ என்று முந்திய டாக்டரின் சீட்டை மறைத்து வைத்துக்கொண்டு புதியவரைப் பரீட்சை செய்வது. பரீட்சையில் தோற்பவர் நோயாளிதான். சாட்சியத்தில் பாதியைப் பதுக்கிவிட்டு நீதி கேட்கமுடியாது. முதல் சீட்டு முதல் கடைசிச் சீட்டு வரை, ஸ்கேனின் படமும் குறுந்தகடும், வலிப்பு வந்த தேதிகளைக் குறித்த சிறு நோட்டு, இவற்றுக்கெல்லாம் மேலாகக் கைபேசியில் எடுத்த வீடியோ ஆகியவை வேண்டும். ஒருவர் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல் காத்துக்கொள்ளட்டும். மற்றொருவர் முகமும் கண்களும் கைகால்களும் தெரியும்படி, தொடக்கத்திலிருந்து தெளிவு வரும் வரை படம் எடுக்கட்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் வலிப்பு நிற்கவில்லையானால் படமெடுப்பதை விட்டு ஆஸ்பத்திரிக்கு விரையவேண்டும். வைத்தியரிடம், “நீங்கள் சொல்லும் பெயருக்கு எது ஆதாரம், எது அதற்குப் பொருந்தவில்லை?” என்று பணிவோடு கேளுங்கள். தம் தொழிலை அறிந்த வைத்தியர் அக்கேள்விக்குக் கோபிக்கமாட்டார். இரு வைத்தியரும் முரண்பட்டால், ஒருவர் மற்றவருக்கு எழுதும் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் போங்கள்; உங்கள் வாய்மொழியைவிட அது தெளிவாகப் பேசும்.

எந்த முடிவும் வருமுன், இப்போது எடுக்கும் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தப்பட்ட வலிப்பு மருந்து, அடங்காத தொடர்வலிப்பைக் கொண்டுவந்து உயிருக்கே உலைவைக்கக்கூடும். இரண்டாவது டாக்டரைப் பார்க்கப் புறப்படும் நாளிலும், காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டே பஸ் ஏறுங்கள்.